சுத்தம் யாருடைய பொறுப்பு? போர்க்காலச் சுகாதாரச் சுவரொட்டிகளும் ஓவியங்களும்

1943இன் பிற்பகுதியில் பர்மா எல்லையில் 14ஆம் படைக்குத் தலைமையேற்ற ஜெனரல் வில்லியம் சிலிம் முன்னால் ஒரு மருத்துவக் கணக்கு வந்தது. அந்த ஆண்டில், போரில் காயம்பட்டு முன்னணியிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஒவ்வொரு சிப்பாய்க்கும், நோயால் அப்புறப்படுத்தப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா ஒன்றே, ஓராண்டுக் கணக்கில், படையின் மொத்த எண்ணிக்கையில் 84 விழுக்காட்டுக்குச் சமமான அளவில் தாக்கியிருந்தது. அதோடு சீதபேதி, உண்ணிக்காய்ச்சல், தோல் நோய்கள். எதிரி ஒரு தோட்டாகூடச் சுடாமலே அந்தப் படை கரைந்துகொண்டிருந்தது.

இது பர்மாவுக்கு மட்டும் உரிய கதையன்று. முதல் உலகப் போரில் மாசிடோனியப் போர்முனையில் நின்ற பிரிட்டிஷ் படையில் மலேரியாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் மட்டும் 1,60,000ஐத் தாண்டின. போரில் காயம்பட்டவர்களைவிட இது பல மடங்கு அதிகம். படைகளின் வரலாற்றில் நெடுங்காலமாக வாளையும் துப்பாக்கியையும்விட அதிகம் கொன்றவை தண்ணீரும் கொசுவும் பேனும்தான்.

இருபதாம் நூற்றாண்டின் இரு பெரும் போர்களிலும் அரசுகள் இந்த எதிரிக்கு எதிராகவும் ஓவியர்களைத் திரட்டின. ஆயிரக்கணக்கில் அச்சான அந்தச் சுவரொட்டிகள் இன்று அருங்காட்சியகங்களில் அழகுப் பொருள்களாகத் தொங்குகின்றன. அவற்றின் வண்ணத்தையும் துணிச்சலையும் வியக்கும்போது ஒரு கேள்வியை நாம் கேட்காமல் விட்டுவிடுகிறோம்: நோய்க்கு யார் பொறுப்பு என்று இந்தப் படங்கள் சொல்கின்றன? பெரும்பாலான சுவரொட்டிகள் தனிச் சிப்பாயை நோக்கி விரல் நீட்டுகின்றன. அதே போர்களைக் கண்ட ஓவியர் சிலர் வேறொன்றைக் கண்டார்கள். சுத்தம் என்பது பலருடைய உழைப்பு. அந்த உழைப்புக்கு வழிசெய்ய வேண்டியது அதிகாரத்தில் இருப்பவர்களின் கடமை. இந்த இரண்டாவது பார்வையே உண்மைக்கு நெருக்கமானது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

ஆட்சியாளருக்காக வரைந்த படம்

படைச் சுகாதாரத்துக்காக வரையப்பட்ட படங்களில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற ஒன்று சுவரொட்டியே அன்று. 1858இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் வெளியிட்ட வட்ட வரைபடம் அது. கிரீமியப் போரின் இரண்டு ஆண்டுகள், இரண்டு சக்கரங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஓர் ஆப்பு. காயத்தால் இறந்தவர்களுக்குச் சிவப்பு, பிற காரணங்களுக்குக் கறுப்பு, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களுக்கு நீலம். படத்தைப் பார்த்த கணத்திலேயே நீலம் கண்ணை நிறைக்கிறது. சிவப்பு, நடுவில் சிறு துண்டுகளாக ஒடுங்கிக் கிடக்கிறது.

1855 ஜனவரியில் பரந்து விரிந்திருக்கும் நீலம், அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் வெகுவாகச் சுருங்கிவிடுகிறது. இடையில் நடந்தது என்ன? 1855 மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணையம் ஸ்குட்டாரி மருத்துவமனையின் சாக்கடைகளைத் தூர்வாரியது, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தது, காற்றோட்டத்துக்கு வழிசெய்தது, குடிநீர் வரும் பாதையில் கிடந்த விலங்குச் சடலங்களை அகற்றியது. பிப்ரவரியில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 42 என்றிருந்த இறப்பு, ஜூனில் நூற்றுக்கு 2 ஆனது.

நைட்டிங்கேலின் படம் எந்தச் சிப்பாயையும் கை கழுவச் சொல்லவில்லை. அது அமைச்சர்களுக்கும் அரசிக்கும் நாடாளுமன்றத்துக்கும் வரையப்பட்டது. சாக்கடை கட்ட வேண்டியவர், கட்டடத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டியவர், தண்ணீருக்கு ஏற்பாடு செய்ய வேண்டியவர் ஆகியோரின் கண்முன் சடலங்களின் கணக்கை அது வண்ணத்தில் விரித்தது. அடுத்த சில ஆண்டுகளில் அவர் இந்தியப் படைமுகாம்களின் பக்கம் திரும்பினார். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்ததை 1863இல் வெளிவந்த அரச ஆணைய அறிக்கை காட்டியது. அங்கும் அவர் வாதம் வடிகால், குடிநீர், குடியிருப்பு நெரிசல் ஆகியவற்றைப் பற்றியதாகவே இருந்தது. பொறுப்பு மேலே இருப்பவருக்கு என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

சிப்பாயின் பக்கம் திரும்பிய விரல்

அதன் பிறகு நுண்ணுயிரியல் வளர்ந்தது. 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில், சென்னை மாகாணப் பணியிலிருந்த ராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். நோய்க்குத் துல்லியமான வழித்தடம் கிடைத்தது. வழித்தடம் தெரிந்ததும், அதில் குறுக்கே நிற்க வேண்டிய ஆளாகத் தனிமனிதர் மாறினார். கொசுவலையைச் செருகு, சட்டைக் கையை இறக்கு, மாத்திரையை விழுங்கு என்று ஏவல் மொழியில் பேசும் சுவரொட்டிக்கு வேலை பிறந்தது அப்போதுதான்.

இரண்டாம் உலகப் போரில் இந்த வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 1943இல் அமெரிக்கப் போர்த்துறை சிப்பாய்களுக்கு வழங்கிய ஒரு சிறு படப் புத்தகம். படங்களை வரைந்தவர், பின்னாளில் குழந்தைகள் உலகம் முழுவதும் கொண்டாடிய டாக்டர் சூஸ். அப்போது அவர் தியடோர் கைசல் என்ற ராணுவ அதிகாரி. எழுதியவர் மன்ரோ லீஃப், அவரும் குழந்தை இலக்கியக்காரரே. புத்தகத்தின் நாயகி ‘ஆன்’, அனாபிலஸ் கொசு. நீண்ட மூக்கும் மயக்கும் கண்ணிமைகளுமாக, கையில் சிவப்புத் திரவக் கோப்பையோடு அவள் நிற்கிறாள். இரவில் ஊர் சுற்றுபவள், ஆண்களைத் தேடி வருபவள், ரத்தம் குடிப்பவள் என்று அவளை அறிமுகப்படுத்துகிறது புத்தகம். இருட்டிய பிறகு உடம்பைத் திறந்துபோட்டுத் திரிந்தால், கிழிந்த வலைக்குள் படுத்தால், ஆன் வந்துவிடுவாள்.

கைசலின் கோட்டில் உயிர் இருக்கிறது. மருத்துவ அதிகாரிகளின் சலிப்பூட்டும் சுற்றறிக்கையைப் படிக்காமல் தூக்கி எறிந்த இளைஞன் இதைப் படித்திருப்பான். இந்தப் படங்களையே மலேரியா பரவிய பகுதிகளைக் காட்டும் உலக வரைபடத்தோடு சேர்த்து, முகாம்களில் ஒட்டும் செய்திச் சுவரொட்டியாகவும் அச்சிட்டார்கள். கைசலும் அவர் குழுவினரும் எழுதி, சக் ஜோன்ஸ் போன்றோர் இயக்கிய ‘சிப்பாய் ஸ்னாஃபு’ கார்ட்டூன் படங்கள் சிப்பாய்களுக்காகவே தயாரிக்கப்பட்டன. ஸ்னாஃபு எதையும் தப்பாகச் செய்பவன். கொசுவலையைக் கோட்டைவிடுவான், எச்சரிக்கையைக் காதில் வாங்க மாட்டான், நோயில் விழுவான். கதைக்குக் கதை பாடம் ஒன்றுதான்: தப்பு உன்னுடையது.

நல்ல நோக்கத்தோடு, பெருந்திறமையோடு செய்யப்பட்ட வேலை இது. ஆனால் ஸ்னாஃபுவின் கதை வேறு சில கேள்விகளை எழுப்புவதில்லை. வலையே வந்து சேராத முகாமில் அவன் என்ன செய்வான்? சதுப்பின் ஓரத்தில் கூடாரம் அடிக்கச் சொன்னது யார்?

பெண் முகம் பூண்ட நோய்

கொசு பெண்ணாக வரையப்பட்டதற்கு உயிரியல் காரணம் உண்டு. ரத்தம் உறிஞ்சுவது பெண் கொசு மட்டுமே. ஆனால் ஆன் மயக்கும் பெண்ணாக, ஆண் தேடித் திரியும் இரவுப் பெண்ணாக வரையப்பட்டதற்கு உயிரியல் காரணமில்லை. பால்வினை நோய்ச் சுவரொட்டிகளிலிருந்து நேராக வந்த உருவம் அது.

பிரிட்டனில் ரெஜினால்ட் மவுண்ட் 1943–44 காலத்தில் வரைந்த சுவரொட்டியில் ஒரு மண்டையோடு, பூவைத்த தொப்பியும் முகத்திரையும் அணிந்து, வழிப்போக்கனை அழைக்கிறது. கட்டமைப்பில் அது குறையற்றது: மென்மையான இளஞ்சிவப்புப் பூவுக்குப் பக்கத்தில் குழிந்த கண்கூடு. ஓரக்கண்ணால் பார்த்தவரையும் நிறுத்தும். ஆனால் அந்தப் படத்தில் நோயைச் சுமப்பவள் பெண், அதற்கு இரையாகிறவன் ஆண். பெண்ணுக்கு நோய் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அமெரிக்கச் சுவரொட்டிகளோ தெருமுனையில் நிற்கும் பெண்ணோடு நிற்கவில்லை. அண்டை வீட்டுப் பெண் போலப் புன்னகைக்கும் முகத்தையும் வரைந்து, பார்க்கச் சுத்தமாக இருப்பவளையும் நம்பாதே என்றன.

இந்தப் பார்வை காகிதத்தோடு நிற்கவில்லை. முதல் உலகப் போரின்போது, 1918இல், அமெரிக்கா நிறைவேற்றிய சேம்பர்லைன்–கான் சட்டத்தின் துணையோடு, படைமுகாம்களைச் சுற்றியிருந்த ஊர்களில் பல்லாயிரம் பெண்கள் சந்தேகத்தின் பேரில் பிடிக்கப்பட்டார்கள், கட்டாயப் பரிசோதனைக்கு உள்ளானார்கள், காவலில் வைக்கப்பட்டார்கள். அதே நோயோடு இருந்த சிப்பாய்க்குச் சிகிச்சையும் சம்பளப் பிடித்தமும், பெண்ணுக்குச் சிறை. படங்கள் சட்டத்தை உண்டாக்கவில்லை. ஆனால் அத்தகைய சட்டம் நியாயமானது என்று பார்ப்பவரின் மனத்தைப் பழக்குவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு.

பசிபிக் முனையில் இந்த வழக்கம் இன்னொரு வடிவம் எடுத்தது. அங்கே சில சுவரொட்டிகளில் கொசுவுக்கு ஜப்பானியச் சிப்பாயின் கேலிமுகத்தை ஒட்டவைத்தார்கள். பூச்சியை எதிரியாகக் காட்டுவதில் தொடங்கியது, எதிரியைப் பூச்சியாகக் காட்டுவதில் முடிந்தது. பூச்சிகளை நசுக்கச் சொல்லும் மொழியில் மனிதர்களைப் பற்றிப் பேசிப் பழகிய ஒரு போர் எங்கே போய் முடிந்தது என்பதை நாம் அறிவோம். சுகாதாரக் கலையின் வரலாற்றை எழுதுபவர் இதைக் கடந்துபோகக் கூடாது.

மாத்திரையும் உத்தரவும்

சுவரொட்டிகள் நோயைக் குறைத்தனவா? மலேரியாவின் கதையைக் கிட்டே சென்று பார்த்தால் விடை தெளிவாகும்.

மலேரியாவுக்கு அன்று உலகம் நம்பியிருந்த மருந்து கொய்னா. சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. 1860களில் பிரிட்டிஷார் அந்த மரத்தை நீலகிரியில் நட்டார்கள்; நடுவட்டத்தில் அரசுத் தொழிற்சாலை ஒன்றும் இயங்கியது. ஆனால் உலகத் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் டச்சுக்காரர்களின் ஜாவாவிலிருந்தே வந்தது. 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானிடம் விழுந்ததும் நேச நாடுகளின் கொய்னா வரத்து அறுந்தது. நீலகிரி, டார்ஜிலிங் சின்கோனாத் தோட்டங்கள் சேர்ந்தாலும் ஈடுகட்ட முடியாது.

மாற்றாகக் கிடைத்தது, ஜெர்மானிய வேதியியலாளர்கள் 1930களின் தொடக்கத்தில் உருவாக்கிய மெப்பாக்ரின். அமெரிக்கர்கள் அதை அட்டபிரின் என்றார்கள். கசக்கும், குமட்டும், தோலை மஞ்சளாக்கும். ஆண்மையைப் பறித்துவிடும் என்ற வதந்தி முகாமுக்கு முகாம் பரவியது. சிப்பாய்கள் மாத்திரையை வாயில் போடுவதுபோல் போட்டுத் துப்பினார்கள். நியூ கினியின் போர்ட் மோர்ஸ்பியில் ஓர் அமெரிக்க மருத்துவமனைக்கு முன்னால் வைத்த அறிவிப்புப் பலகை இதற்கு எதிர்வினை. இவர்கள் அட்டபிரின் எடுத்துக்கொள்ளாதவர்கள் என்று எழுதி, பலகையோடு இரண்டு மனித மண்டையோடுகளைப் பொருத்திவைத்தார்கள். அந்தப் புகைப்படம் இன்றும் பரவலாகப் பகிரப்படுகிறது. ஆனால் அந்த மண்டையோடுகளுக்கு உரியவர்கள் ஒருகாலத்தில் உயிரோடிருந்த மனிதர்கள். அவர்களுடைய பெயரோ நாடோ அந்தப் பலகையில் இல்லை.

அச்சுறுத்தலால் ஆகாததை ஆராய்ச்சியும் நிர்வாகமும் செய்தன. ஆஸ்திரேலியாவின் கெயின்ஸ் நகரில் 1943இலிருந்து மருத்துவர் நீல் ஹாமில்டன் ஃபேர்லி, தாமாக முன்வந்த சிப்பாய்களை மலேரியா தாங்கிய கொசுக்கள் கடிக்கச் செய்து, மெப்பாக்ரினைச் சோதித்தார். கடும் உடலுழைப்பு, குளிர் என்று போர்முனைச் சிரமங்களையும் அவர்கள்மேல் சுமத்திப் பார்த்தார். நாள்தோறும் ஒரு மாத்திரை, 100 மில்லிகிராம், தவறாமல் எடுத்தால் நோய் தலைதூக்காது என்று நிறுவினார். அப்படியானால் ஒரு படைப்பிரிவில் மலேரியா பரவுகிறது என்றால் அங்கே மாத்திரை ஒழுங்காகக் கொடுக்கப்படவில்லை என்றே பொருள். பொறுப்பு அதிகாரியின் தலையில் வந்து விழுந்தது.

சிலிம் இதைத்தான் பிடித்துக்கொண்டார். முன்னறிவிப்பின்றி ஒரு பட்டாலியனின் எல்லாச் சிப்பாய்களையும் பரிசோதிக்கச் செய்தார். நூற்றுக்கு 95 பேருக்குக் குறைவானவர்களின் உடலில் மருந்து இருந்தால், தண்டனை சிப்பாய்க்கு இல்லை. பட்டாலியன் தலைவர் பதவியிழந்தார். மூன்று பேரை நீக்கியதுமே மற்றவர்களுக்குச் செய்தி புரிந்துவிட்டது. கூடவே, நோயாளிகளை மாதக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பிவைக்கும் வழக்கத்தைக் குறைத்து, போர்முனைக்குச் சற்றுப் பின்னாலேயே மலேரியாச் சிகிச்சை முகாம்களை அமைத்தார். 1943இல் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு 12 என்றிருந்த நோய் விகிதம் 1945இல் ஆயிரத்துக்கு 1 ஆகக் குறைந்தது.

முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளிலும் இதுவே நடந்தது. சேற்று நீரில் நாள்கணக்கில் நின்று கால்கள் அழுகிய பாதநோய், முதல் குளிர்காலத்திலேயே பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஏறத்தாழ 20,000 பேரைத் தாக்கியது. உலர்ந்த காலுறைகள் வழங்கப்பட்டன, காலில் திமிங்கில எண்ணெய் தேய்க்கப்பட்டது, குழியில் நிற்கும் நாள்கள் குறைக்கப்பட்டன. தன் ஆட்களின் கால்களைப் பார்வையிடுவது இளம் அதிகாரியின் கடமையாக்கப்பட்டது. நோய் கூடினால் அவரே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகே நோய் கட்டுக்குள் வந்தது. காலுறையை மாற்று என்று சொல்வது எளிது. மாற்ற இன்னொரு சோடி அவன் கைக்குச் சேர்ந்தாக வேண்டும்.

தரை துடைப்பவர்களின் தேவாலயம்

சுவரொட்டி மறைத்த உழைப்பை ஓவியமாக்கியவர் ஸ்டான்லி ஸ்பென்சர். 1915இல் அவர் ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தார். பிரிஸ்டலில், மனநலக் காப்பகமாக இருந்து போர் மருத்துவமனையாக மாற்றப்பட்ட கட்டடத்தில் எடுபிடி வேலை. பின்னர் மாசிடோனியாவில் கள மருத்துவக் குழுவில் பணி. அங்கே அவருக்கும் மலேரியா வந்தது. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, மாசிடோனியாவில் தொற்றிய நோயால் இறந்த ஹாரி சாண்டம் என்ற அதிகாரியின் நினைவாக அவருடைய சகோதரியும் மைத்துனரும் ஹாம்ப்ஷயரின் பர்க்ளியரில் ஒரு சிறு தேவாலயம் கட்டினார்கள். அதன் சுவர்களை 1927 முதல் 1932 வரை ஸ்பென்சர் ஓவியங்களால் நிரப்பினார்.

போர் நினைவிடத்துக்குள் போகிறவர் எதிர்பார்க்கும் எதுவும் அங்கே இல்லை. துப்பாக்கிச் சூடு இல்லை, வெற்றி வீரர் இல்லை. ஒரு சுவரில், நீண்ட நடைவழியில் ஒருவன் தரையோடு தரையாகக் கிடந்து துடைத்துக்கொண்டிருக்கிறான். இன்னொன்றில் குளியலறை: தலையில் சோப்பு நுரையோடு ஒருவன் குனிந்திருக்க, மற்றொருவனின் உடம்பில் அயோடின் தடவப்படுகிறது. வேறொன்றில் பனியால் மரத்துப்போன பாதத்திலிருந்து செத்த தோலைச் சுரண்டி எடுக்கிறான் ஒரு மருத்துவப் பணியாளன். அருகில் வாளிகளோடு நடப்பவன் சிறகுள்ளவன்போலத் தெரிகிறான். துணி பிரிக்கிறார்கள், படுக்கை விரிக்கிறார்கள், தேநீர்ப் பாத்திரம் நிரப்புகிறார்கள், பாறையில் கசியும் நீரைக் குடுவைகளில் பிடிக்கிறார்கள். ‘துயிலெழுதல்’ என்ற படத்தில் கூடாரத்துக்குள் சிப்பாய்கள் கொசுவலையை விட்டு வெளியே வராமலே உடை மாற்றுகிறார்கள். மேலே கொசுக்கள் காத்திருக்கின்றன.

அந்தக் கொசுவலையை ஆன் புத்தகத்தின் கொசுவலையோடு வைத்துப் பாருங்கள். அங்கே வலை ஒரு கட்டளை. மீறினால் கேலி, நோய், அவமானம். இங்கே வலை ஒரு கூட்டு வாழ்க்கையின் பகுதி. யாரோ தைத்தார்கள், யாரோ சுமந்து வந்தார்கள், பக்கத்துப் படுக்கைக்காரனும் அதற்குள்தான் இருக்கிறான். வெறுப்பாகச் செய்த எடுபிடி வேலைக்கு ஸ்பென்சர் பின்னாளில் புனிதம் கண்டார் என்று விமர்சகர்கள் சொல்வதுண்டு. நான் அதற்கு மேலும் ஒன்றைப் பார்க்கிறேன். ஒரு படையை உயிரோடு வைத்திருப்பது எது என்ற கேள்விக்கு வரலாற்று நூல்கள் தளபதிகளின் பெயர்களைச் சொன்னபோது, இவர் வாளியையும் துடைப்பத்தையும் காட்டினார்.

லண்டன் ஸ்லேட் ஓவியப் பள்ளியில் ஸ்பென்சரின் ஆசிரியராக இருந்த ஹென்றி டோங்ஸ் அறுவை மருத்துவராகப் பயின்று ஓவியரானவர். 1916இல் ஆல்டர்ஷாட் ராணுவ மருத்துவமனையில் ஹெரால்டு கில்லீஸ் முகச் சீரமைப்புச் சிகிச்சையைத் தொடங்கியபோது, சிதைந்த முகங்களை டோங்ஸ் பாஸ்டல் வண்ணத்தில் பதிவுசெய்தார். அவை மருத்துவ ஆவணங்கள். பொதுமக்கள் பார்வைக்கு உகந்தவை அல்ல என்றே அவர் கருதினார். ஆனால் சிகிச்சைக் குறிப்புக்குத் தேவைப்படாத ஒன்று அவற்றில் இருக்கிறது: அந்த மனிதர்களின் கண்கள். தாடையில்லாத முகத்திலிருந்து ஒருவர் நம்மை நேராகப் பார்க்கிறார்.

சுவரொட்டி இல்லாதவர்கள்

எந்த அரசும் படம் வரைந்து எச்சரிக்காத கூட்டம் ஒன்றும் இந்தப் போர்களில் இருந்தது. சிங்கப்பூர் 1942 பிப்ரவரியில் வீழ்ந்தபின், தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பான் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதை தமிழர் நினைவில் சயாம் மரண ரயிலாக நிலைத்திருக்கிறது. நேச நாட்டுக் கைதிகள் 60,000க்கு மேற்பட்டோரும், அவர்களைவிட மிக அதிகமான ஆசியத் தொழிலாளர்களும் அதில் வேலை வாங்கப்பட்டார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

கைதிகளில் ஜாக் சாக்கர் என்ற இளம் ஓவியர் இருந்தார். சுங்காய், நகோன் பதோம் மருத்துவ முகாம்களில் அவர் ரகசியமாக வரைந்தார். மூங்கில் கீறலில் தொடங்கி எலும்புவரை தின்ற வெப்பமண்டலப் புண்கள், அவற்றைக் கூராக்கிய கரண்டியால் சுரண்டும் சிகிச்சை, கையில் கிடைத்ததைக் கொண்டு செய்த மருத்துவக் கருவிகள், செயற்கைக் கால்கள். பிடிபட்டபோது அடி வாங்கினார். பல படங்கள் கிழிக்கப்பட்டன. மிஞ்சியவற்றை மூங்கில் குழாய்களில் ஒளித்துக் காத்தார். அறுவை மருத்துவர் எட்வர்டு டன்லப் போன்றோர் மருந்தில்லாத இடத்தில் சாதித்தது என்ன என்பதற்கு இந்தப் படங்கள் சாட்சி. கொதிக்கவைத்த தண்ணீர், கழிப்பிடக் குழி, ஈ மொய்க்காத உணவு என்று கைதிகளின் முகாம்களில் தங்களுக்குள்ளே ஒழுங்கு செய்துகொள்ள மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். அப்படியிருந்தும் 12,000க்கு மேற்பட்ட கைதிகள் மாண்டார்கள்.

தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்தக் கட்டமைப்புகூட இல்லை. குடும்பம் குடும்பமாக, மொழி தெரியாத காட்டில், மருத்துவரின்றி, ஆற்று நீரைக் குடித்துக்கொண்டு கிடந்தவர்களிடையே 1943இன் மழைக்காலத்தில் வாந்திபேதி நுழைந்தது. முகாம் முகாமாக மடிந்தார்கள். அந்த ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து கைதிகளைக் கொண்ட இரண்டு மருத்துவக் குழுக்கள் ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டபோது காலம் கடந்திருந்தது. பாதைநெடுக இறந்த ஆசியத் தொழிலாளர்கள் கைதிகளைவிடப் பல மடங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. இவர்கள் மாண்டதற்கு அறியாமை காரணமன்று. காய்ச்ச விறகும் பாத்திரமும் ஓய்வும் மருந்தும் அவர்களுக்கு மறுக்கப்பட்டதே காரணம்.

இந்த ஒரு நிகழ்வு போதும், சுகாதாரச் சுவரொட்டி எந்த நிலத்தில் வேர்விடும் என்று காட்ட. பின்னால் மாத்திரைப் பெட்டியும் தண்ணீர் வண்டியும் பதில் சொல்ல வேண்டிய அதிகாரியும் இருந்தால் அது உயிர் காக்கும் நினைவூட்டல். அவை இல்லாத இடத்தில் அது பழியைக் கீழே தள்ளும் காகிதம். அருங்காட்சியகங்கள் இந்தச் சுவரொட்டிகளைக் காட்சிக்கு வைக்கும்போது, அருகில் அந்த ஆண்டின் மருந்து வரத்துக் கணக்கையும் நோய்ப் பட்டியலையும் படைத் தலைமையின் உத்தரவுகளையும் வைக்க வேண்டும். ஆன் தொங்கும் அறையிலேயே நைட்டிங்கேலின் நீலச் சக்கரமும் சாக்கரின் பென்சில் கோடுகளும் இருக்க வேண்டும். இன்றும் ஒவ்வொரு கொள்ளைநோயின்போதும் கை கழுவச் சொல்லும் படங்கள் நம் தெருச் சுவர்களுக்கு வருகின்றன. அவற்றை வெளியிடும் அரசிடம் நாம் கேட்க வேண்டியது அந்தத் தெருக்குழாயில் எத்தனை மணி நேரம் தண்ணீர் வருகிறது என்பதை. நைட்டிங்கேல் 1858இல் கேட்டதும் அதைத்தான்; சிலிம் தன் அதிகாரிகளிடம் கேட்டதும் அதைத்தான். பதில் கிடைத்த இடங்களில்தான் இறப்பு குறைந்தது.